தங்கத்தில் திருப்பித் தருவதாக அச்சிட்ட ரயில்வே கடன் பத்திரம்

கேள்வி:
வெஸ்ட் ஷோர் ரயில்ரோடு என்ற பழைய அமெரிக்க ரயில் கம்பெனியின் கடன் பத்திரம் ஒன்று கையில் கிடைத்தது. முதிர்வு ஆண்டு 2361 என்று இருக்கிறது, அச்சுப் பிழையா? கையெழுத்தின் மேலேயே ஓட்டைகள் வேறு. இன்னொரு கம்பெனியின் பத்திரத்தில் தங்க நாணயத்தில் பணம் தருவதாகப் போட்டிருக்கிறது. அதை இப்போது கேட்டு வாங்க முடியுமா?

பதில் 1:
பிழை இல்லை. 1886-லிருந்து 475 வருடக் கணக்கு அது. நியூயார்க் சென்ட்ரல் என்ற இன்னொரு ரயில் கம்பெனி வெஸ்ட் ஷோர் பாதையை அத்தனை வருடத்துக்குக் குத்தகைக்கு எடுத்து, கடனுக்கும் உத்தரவாதம் கொடுத்தது. அந்த நியூயார்க் சென்ட்ரல் 1968-இல் பென்சில்வேனியா ரயில்ரோடுடன் சேர்ந்து பென் சென்ட்ரல் ஆகி, 1970-லேயே திவாலானது. அந்த ஓட்டைகள் பத்திரம் ரத்தானதன் அடையாளம்.

பதில் 2:
தங்கத்தை மறந்துவிடுங்கள். 1933-இல் அமெரிக்க காங்கிரஸ் தங்க நிபந்தனையைச் செல்லாததாக்கிவிட்டது, ஆனாலும் தங்கமாக மாற்றலாம் என்று சொல்லிப் பழைய பத்திரங்களைப் பெரிய விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கவனம். சேகரிக்கிறவருக்கு மதிப்பு வேறு இடத்தில். ரயில் எஞ்சின் படத்தின் மேல் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், செதுக்கிய தகட்டில் அச்சடித்திருந்தால் மை லேசாக மேடு தட்டும். அப்புறம், பத்திரத்தோடு ஒட்டியிருக்கும், வட்டி வாங்க வெட்டிக் கொடுக்கும் கூப்பன்கள் வெட்டாமல் மிச்சமிருந்தால் பிரித்துவிடாதீர்கள், அந்தக் கடனின் கதையே அதில்தான் இருக்கிறது.