பிளானிங் விண்ணப்பத்துக்கு முன் கவுன்சிலிடம் ஆலோசனை பெற வேண்டுமா?

கேள்வி (மேற்கு லண்டன்வாசி):
வணக்கம். நாங்கள் ஒரு செமி வீட்டில் (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது) இருக்கிறோம். அப்பாவால் இப்போது மாடிப்படி ஏற முடிவதில்லை. ஆகவே பின்புறம் ஐந்து மீட்டர் நீட்டி, கீழே அவருக்கு ஓர் அறையும் குளியலறையும், அதன் மேல் மூன்று மீட்டர் அளவில் பிள்ளைகளுக்கு ஓர் அறையும் கட்ட எண்ணியிருக்கிறோம். படம் வரைபவர், கட்டுவதற்கான பிளானிங் அனுமதிக்குக் கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றம்) நேரடியாக விண்ணப்பித்துவிடலாம் என்கிறார். மைத்துனரோ முதலில் கட்டணம் செலுத்தித் திட்ட அதிகாரிகளின் முன் ஆலோசனையைப் பெறச் சொல்கிறார். அது கட்டாயமில்லை என்று அறிவேன். அந்தப் பணமும் காத்திருக்கும் வாரங்களும் வீண்போகாதா?

பதில் (பழைய வீட்டுக்காரர்):
முதலில் உங்களுக்கு முழு அனுமதி தேவையா என்று பாருங்கள். இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, செமி வீட்டின் பின்புறம் ஒரே தளமாக மூன்று மீட்டர் வரை அனுமதியின்றியும், பாதுகாக்கப்பட்ட பகுதியில் இல்லாவிட்டால் ஆறு மீட்டர் வரை, பக்கத்து வீட்டாருக்குக் கவுன்சில் அறிவித்து அவர்கள் கருத்தைக் கேட்ட பிறகும் கட்டலாம். ஆனால் மேல்தளம் சேர்ந்துவிட்டால் கதை வேறு: எல்லைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வரும் கட்டடத்தின் கூரை விளிம்பு மூன்று மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பதால், செமி வீட்டில் அது பெரும்பாலும் முழு விண்ணப்பத்தில்தான் போய் முடியும். அப்பாவின் அறைதான் அவசரம் என்றால், கீழ்த்தளத்தை மட்டும் முதலில் கட்டுவதையும் யோசியுங்கள்.

பதில் (கிழக்கு லண்டன்வாசி):
மைத்துனர் சொல்வது சரியென்றே நினைக்கிறேன். முன்பெல்லாம் மறுக்கப்பட்ட திட்டத்தைத் திருத்தி ஓராண்டுக்குள் ஒருமுறை இலவசமாக மீண்டும் கொடுக்க முடிந்தது. 2023 டிசம்பரில் அந்தச் சலுகை போய்விட்டது. 258 பவுண்டாக இருந்த வீட்டு விண்ணப்பக் கட்டணமும் 2025 ஏப்ரலில் 528 ஆகிவிட்டது. ஆகவே ஒரு மறுப்பு இப்போது மிகவும் செலவானது.

ஆனால் கேட்கும் விதத்தில்தான் பலன் இருக்கிறது. முதல்முறை நான் முகவரியையும் 'மாடியோடு நீட்டிக் கட்டலாமா?' என்ற ஒற்றை வரியையும் அனுப்பினேன். வந்த கடிதத்தில் கொள்கைப் பத்திகளைத் தவிர எதுவும் இல்லை. அடுத்தமுறை அளவிட்ட படத்தில், பக்கத்து வீட்டாருக்கு வெளிச்சம் மறையுமா என்று பார்க்க அவர்கள் சமையலறை ஜன்னலின் நடுவிலிருந்து நாற்பத்தைந்து பாகைக் கோடு ஒன்றை வரைந்து, மேல்தளம் எவ்வளவு உள்ளே தள்ளியிருந்தால் ஏற்பீர்கள் என்று கேட்டேன். அதிகாரி அந்தக் கோட்டைத் தாண்டிய மூலையைக் குறிப்பிட்டு, அங்கே சுவரைப் பின்னிழுக்கும்படி எழுதியிருந்தார். அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டியிருந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எங்கள் பக்கத்து வீட்டிலும் அதே பக்கத்தில்தான் சமையலறை ஜன்னல் இருக்கிறது. ஆலோசனையில் சரி என்று எழுதிவிட்டால், பிறகு மறுக்க மாட்டார்கள் அல்லவா?

பதில் (பழைய வீட்டுக்காரர்):
அப்படி நம்பிவிடாதீர்கள். அந்தக் கடிதம் கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது. அதை எழுதும்போது பக்கத்து வீட்டாரின் கருத்தைப் பொதுவாக அவர்கள் கேட்பதில்லை. விண்ணப்பம் வந்த பிறகே கேட்பார்கள். எனவே படத்தை எடுத்துக்கொண்டு நீங்களே போய் அவர்களிடம் காட்டிப் பேசிவிடுங்கள். பொதுச் சுவரிலோ எல்லையருகிலோ கட்டுவது பற்றிய பொதுச் சுவர்ச் சட்டத்தின்படி (Party Wall Act) பெரும்பாலும் பிறகு அவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும். கடிதம் வந்ததும் அதன் எண்ணையும் தேதியையும் அதிகாரியின் பெயரையும் பத்திரப்படுத்துங்கள். முன் ஆலோசனை பெற்றீர்களா என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேட்பார்கள். அவர் சொன்ன ஒவ்வொரு திருத்தமும் படத்தில் எங்கே வந்திருக்கிறது என்பதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி இணைத்துவிடுங்கள்.