மறு: கிளாஸ்டோஜென் – சிதைப்பியா, முறிப்பானா?

> 'நிறப்புரிச் சிதைப்பி' என்று வைத்துவிட்டால் போதாதா?

கிளாஸ்டோஜென் என்றால் செல்லிலுள்ள நிறப்புரியை (குரோமோசோமை) உடைக்கும் பொருள். அதற்குத் தமிழ்ப்பெயராக 'நிறப்புரிச் சிதைப்பி' போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. சிதைவு என்றதும் மக்கிப்போவதும் உருக்குலைவதும்தான் நினைவுக்கு வருகின்றன. கிளாஸ்டோஜென் செய்வது அதில்லை. 'கிளாஸ்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு உடைந்தது என்று பொருள். ஜீம்சா சாயமேற்றிய சிலைடில் பார்த்தால் ஒரு நிறப்புரியின் கை துண்டாகிக் கிடக்கும். சில சமயம் அறுந்த முனைகள் தப்பாக ஒட்டி வளையமாகவோ, இரண்டு சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது புரியை இழுக்கும் இழைகள் பற்றும் இடம்) உள்ள புரியாகவோ ஆகியிருக்கும்.

'முறிப்பான்' முதலில் எனக்கும் பிடித்தது, எலும்பு முறிவு மாதிரி. ஆனால் நச்சுமுறிப்பான் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏதோ மருந்தாகிவிடும். சரி, புரி என்றால் என்ன? கயிற்றின் முறுக்கிய இழை. கயிறு சிதையாது, உடையாது, அறும். என் ஓட்டு 'புரியறுப்பான்' என்பதற்கு.

அப்புறம் ஒரு சிக்கல். செங்காந்தள் கிழங்கிலுள்ள கோல்ச்சிசின் என்ற நச்சுக்கு இந்தப் பெயரைப் பொருத்திப் பாருங்கள். அதன் முதல் வேலை அறுப்பது அல்ல. டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, புரிகளை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் இழைகள் உருவாகாமல் தடுக்கிறது. (செல்பிரிவைப் புரிகள் தெளிவாகத் தெரியும் மெட்டாஃபேஸ் கட்டத்தில் நிறுத்திப் புரிகளைப் பார்க்க ஆய்வகத்திலேயே அதையோ அதன் உறவான கோல்செமிடையோ சேர்ப்பது இதனால்தான்.) இழைகள் கெடுவதால், சேய் செல்களுக்குப் போகும் புரிகளின் எண்ணிக்கை கூடவோ குறையவோ செய்கிறது. அனியூஜென் என்கிற இந்த வகைக்குத் தனிப்பெயர் வேண்டும்: 'பங்குகுலைப்பான்'.

இரண்டிலுமே, பின்தங்கிய துண்டோ முழுப் புரியோ தனி உறை போர்த்திக்கொண்டு குட்டி உட்கருவாக நின்றுவிடும். அதை 'நுண்ணுட்கரு' என்றால் பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரியின், அதே பெயருள்ள சிறிய உட்கரு குறுக்கே வரும். 'உதிரிக்கரு' எப்படி? அதற்குள் சென்ட்ரோமியர் இருந்தால் பெரும்பாலும் பங்குகுலைப்பானின் வேலை, இல்லாவிட்டால் புரியறுப்பானின் வேலை.

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: 'இந்த இயற்கைச் சேர்மம் புரியறுப்பானா பங்குகுலைப்பானா என்றறிய, வளர்ப்பு செல்களின் உதிரிக்கருக்களில் சென்ட்ரோமியரைத் தேடினோம்.' வாய்விட்டுப் படித்தும் நாக்கு இடறவில்லை. 'பங்குகுலைப்பான்' மட்டும் கொஞ்சம் நீளம். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.