ஸ்ட்ரைப்பர் 'ரீபார்ன்' 2005 குறுந்தகடு யாரிடமாவது இருக்கிறதா?

'எகைன்ஸ்ட் தி லா' (1990) வந்து 15 ஆண்டு கழித்து அமெரிக்க கிறிஸ்தவ மெட்டல் குழுவான ஸ்ட்ரைப்பர் போட்ட புதுப் பாடல் ஆல்பம் 'ரீபார்ன்'. பாஸ் கிட்டாரில் டிம் கெய்ன்ஸுக்குப் பதில் ட்ரேசி ஃபெர்ரி. அதிலுள்ள 'ஐ.ஜி.டபிள்யூ.டி.', 1988இல் வந்த 'இன் காட் வீ டிரஸ்ட்' பாட்டின் மறுபதிவு. இரண்டின் ஒலியையும் ஒப்பிட வேண்டும். சத்தம் சமமில்லாவிட்டால் உரக்க ஒலிப்பதே நல்லதென்று காது ஏமாறும். ரீப்ளே கெயினை (பிளேயரில் பாட்டுகளின் சத்தத்தைச் சமன்செய்யும் வசதி) 'டிராக்' முறையில், அதாவது பாட்டுக்குப் பாட்டு தனியாக, வைத்தால் அது தீரும். மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீராக்கும் வேலை) நசுங்கிய டிரம்ஸ் அடி மட்டும், வால்யூமைக் குறைத்தாலும் திரும்பாது. ஸ்ட்ரீமிங் உதவாது, அது எந்த மாஸ்டர் (மாஸ்டரிங் முடிந்த பதிப்பு) என்றே தெரியாது.

இந்த இரண்டு பாட்டும் உள்ள குறுந்தகடுகளை அசலாக வைத்திருப்பவர்கள், இஏசி (எக்ஸாக்ட் ஆடியோ காப்பி) மென்பொருளில், பிழை சரிபார்க்கும் செக்யூர் முறையில் ரிப் செய்து, அதாவது கணினிக்கு நகலெடுத்து (சத்தத்தை மாற்றும் நார்மலைஸ் வேண்டவே வேண்டாம்), டிஆர் (சத்த ஏற்ற இறக்க அளவு), பீக் (உச்ச ஒலி) அளவுகளைப் போடுங்களேன். பாட்டுக் கோப்பு வேண்டாம், எண்கள் போதும்.