இண்டெக்ஸ் விடிய விடிய ஓடிய கதை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கண்டனூர்க்காரன்:
காரைக்குடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். நகைக்கடன் கணக்கு வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர், வரவு செலவு டேபிளில் 80 கோடி வரிசை, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 14. கிளை எண்ணும் தேதியும் சேர்த்து, தேடலை வேகமாக்க ஓர் இண்டெக்ஸ் போட வேண்டும். எழுதும் வேலை தடைபடக் கூடாது என்று ‘கன்கரண்ட்லி’ சேர்த்து, வெள்ளி இரவு 10 மணிக்குக் கட்டளையைக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

காலை 6 மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகம் மெமரி மேல் போனது. மெயின்டனன்ஸ் ஒர்க் மெம் (இண்டெக்ஸ் கட்டும் வேலைக்கு ஒதுக்கும் மெமரி) யாரும் தொடாமல் 64 எம்பியிலேயே கிடந்தது. அதில் இவ்வளவு பெரிய டேபிளை வரிசைப்படுத்தினால் துண்டு துண்டாக டிஸ்கில் எழுதி அப்புறம் சேர்க்கும், மெதுவாகத்தான் ஆகும். இன்னொரு விண்டோவில் 2 ஜிபி என்று மாற்றிவிட்டுக் காத்திருந்தேன். ஏற்கெனவே ஓடும் வேலைக்கு அது போய்ச் சேராது என்பது தூக்கக் கலக்கத்தில் உறைக்கவில்லை.

9 மணிக்குத்தான், இண்டெக்ஸ் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் பிஜி ஸ்டாட் புரோகிரஸ் கிரியேட் இண்டெக்ஸ் வியூவைத் திறந்தேன். (பதிப்பு 12 முதல் இருக்கிறது. முதலில் இதைப் பார்த்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லை.) படித்த பிளாக்: பூஜ்யம். ‘எழுதுபவர்களுக்காகக் காத்திருப்பு’ என்ற கட்டத்திலேயே நிற்கிறது. 11 மணி நேரமாக ஒரு வரிசைகூடப் படிக்கவில்லை! யாருக்காக நிற்கிறது என்ற பிராசஸ் எண்ணும் அங்கேயே இருந்தது. அதை பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் (எந்த இணைப்பு என்ன செய்கிறது என்ற பட்டியல்) தேடினால் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’, வெள்ளி மாலை 5:40 முதல். அதாவது, திருத்தத்தைத் தொடங்கி கமிட் செய்து முடிக்காமல் சும்மா கிடக்கும் இணைப்பு. அது முடியாமல் இண்டெக்ஸ் வேலை நகராது.

எங்களோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவனுடைய வேலைதான் அது. நாலு வரிசையைத் திருத்தியவன், ஆட்டோ கமிட் (திருத்தத்தைத் தானாகவே உறுதிசெய்யும் வசதி) அணைந்திருந்ததைக் கவனிக்காமல் தேவகோட்டையில் பெரியப்பாவின் சாந்தி விழாவுக்குக் கிளம்பிவிட்டான். போன் போட்டால் பின்னால் நாதஸ்வரம். “அண்ணே, லேப்டாப்ப மூடாம வந்துட்டேன், வீட்ல சார்ஜ்ல கிடக்கு.” மொய் எழுதுகிறவர் நோட்டை விரித்துப் போட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்த கதை.

என்ன திருத்தினான் என்று குறித்துக்கொண்டு அந்த இணைப்பை முறித்தேன். எப்படியும் எதுவும் படிக்கவில்லையே என்று பழைய கட்டளையையும் ரத்து செய்து, அதே செஷனில் 2 ஜிபி வைத்து மறுபடி கொடுத்தேன். ஒரே நொடியில் முடிந்தது. நானும் இட்லி சாப்பிடப் போய்விட்டேன்! கட்டளையில் ‘இஃப் நாட் எக்சிஸ்ட்ஸ்’ (அந்தப் பெயரில் இல்லாவிட்டால் மட்டும் போடு) இருந்ததுதான் வினை. ரத்தான இண்டெக்ஸ் ‘இன்வாலிட்’ (செல்லாதது) ஆக அதே பெயரில் உட்கார்ந்திருக்க, ஏற்கெனவே இருக்கிறது என்று தாண்டிப் போயிருக்கிறது. அதை டிராப் செய்து மூன்றாம் முறை கொடுத்தேன், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. இப்போது ஐடில் செஷன்களுக்கு 15 நிமிட டைம்அவுட் வைத்திருக்கிறேன். தம்பிக்குத்தான் வருத்தம்.

பள்ளத்தூர் மீனா:
அண்ணே, எனக்கும் இதே கதை, ஆனால் கடைசிக் கட்டத்தில். டேபிளை இரண்டு முறையும் படித்து முடித்து, ‘பழைய ஸ்னாப்ஷாட்டுகளுக்காகக் காத்திருப்பு’ என்று நின்றுவிட்டது. (ஸ்னாப்ஷாட் என்பது ஒரு நேரத்தில் டேட்டா இருந்த நிலை.) தேடினால், இரவு 2 மணிக்குத் தொடங்கிய பிஜி டம்ப் பேக்கப். அது அந்த டேபிளைத் தொடாத பேக்கப். ஆனாலும் அதே டேட்டாபேஸில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஸ்னாப்ஷாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் இண்டெக்ஸ் அதற்காகவும் நிற்கிறது. பேக்கப்பை முறிக்க மனசு வரவில்லை. வெள்ளைப் பணியாரம் ஊற்றி முடித்து வந்து பார்த்தேன், இரண்டும் முடிந்திருந்தன.

ரஸ்தா தம்பி:
எங்களை யாரும் மறிக்கவில்லை, வரிசைப்படுத்துவதே மெதுவு. பெயர் ஃபீல்டு மேல் இண்டெக்ஸ், மொழி சார்ந்த கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி). எங்களுக்கு அகரவரிசை தேவையில்லை, அதே பெயர் கிடைத்தால் போதும் என்பதால் மொழி விதி பார்க்காமல் பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் ‘சி’ கொலேஷனில் போட்டோம், நேரம் நன்றாகக் குறைந்தது. தேடும் குவரியிலும் அதே கொலேஷனை எழுத வேண்டும், இல்லாவிட்டால் இண்டெக்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதை மறந்து ஒரு வாரம் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.