26 கையிலிருந்து 20 கைக்கு: ஃப்ரீஸ்டைலில் எண்ணிப் பார்த்த அனுபவம்

ஃப்ரீஸ்டைல் நீச்சல் கற்று நான்கு வருடம் ஆகியும், எட்டு லெங்த் (குளத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை ஒரு லெங்த்) முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். உடம்பில் தெம்பு போதவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதனால் இன்னும் வேகமாகக் கை போட்டேன், இன்னும் பலமாக உதைத்தேன். ஒரு நாள் பயிற்சியாளர் ஒருவர் கரையில் நின்று பார்த்துவிட்டு, "ஒரு லெங்த்துக்கு எத்தனை கை போடுறீங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட எண்ணியதில்லை.

எண்ணினேன். 25 மீட்டருக்கு 26. வலது கை நீரில் நுழைந்தால் ஒன்று, இடது கை நுழைந்தால் இரண்டு, இப்படியே சுவர் வரைக்கும். சிலர் ஒரு பக்கக் கையை மட்டும் எண்ணுவார்கள், அதுவும் சரிதான். நடுவில் முறையை மாற்றாமல் இருந்தால் போதும். சுவரை உந்திக் கிளம்புவதும் அப்படித்தான். இன்றைக்கு ஐந்து மீட்டர் சறுக்கிவிட்டு, நாளைக்கு இரண்டு மீட்டரிலேயே கை போட ஆரம்பித்தால், இரண்டு நாள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது.

ஆனால் எனக்குக் கண்ணைத் திறந்தது அந்த 26 இல்லை. நிறுத்தாமல் எட்டு லெங்த் எண்ணியபோது வந்த வரிசைதான்: 26, 26, 26, 27, 28, 28, 30, 31. அதே ஆள், அதே குளம், கடைசியில் ஐந்து கை கூடுதல். களைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது ஆறாவது லெங்த்தில். எண் அதை நான்காவதிலேயே காட்டிவிட்டது. சரி, அந்த நான்காவதில் அப்படி என்னதான் நடக்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

நான் வலது பக்கம் மூச்சு எடுப்பவன். தலையைத் திருப்பும் நேரத்தில் இடது கை முன்னால் நீண்டு நிற்க வேண்டும். என் கை நிற்கவில்லை. தண்ணீரைக் கீழே அழுத்தியது. தலையைத் தூக்குவதற்கு அதை ஊன்றுகோலாக வைத்திருந்திருக்கிறேன். தலை தூக்கினால் இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் தொங்கும் காலை இழுத்துக்கொண்டு போக எவ்வளவு தெம்பு இருந்தாலும் போதாது. இன்னொரு நஷ்டமும் உண்டு. மூச்சு எடுத்து முகம் நீருக்குள் திரும்புவதற்குள் இடது கை தோளுக்குக் கீழே இறங்கியிருக்கும். பின்னால் தள்ளுவதற்கு அதன் முன்னே தண்ணீரே மிச்சமிருக்காது. மூச்சு எடுக்கும்போதெல்லாம் ஒரு கை இப்படி வீணாகிக்கொண்டிருந்தது.

மூச்சை நீருக்குள்ளேயே முழுக்க விட்டுவிட்டு, காதைத் தோள்மேல் சாய்த்து, நீச்சல் கண்ணாடியில் ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்கும்படி திரும்பிப் பழகினேன். வேறு எதையும் மாற்றவில்லை. மூன்று வாரத்தில் 22.

அப்புறம்தான் தப்பு செய்தேன். எண் குறையக் குறைய ஆசை கூடிவிட்டது. ஒவ்வொரு கையையும் நீட்டி வைத்துக் காத்திருந்து, 17 வரை கொண்டுவந்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. 22 கையில் 30 வினாடி எடுத்த தூரத்துக்கு 17 கையில் 37 வினாடி. காத்திருக்கும் நேரத்தில் வேகம் செத்துப்போகிறது, அடுத்த கை அதை மறுபடியும் கிளப்ப வேண்டியிருக்கிறது. ஸ்வால்ஃப் என்று ஒரு கணக்கு உண்டு, ஒரு லெங்த்தின் கையையும் வினாடியையும் கூட்டுவது. குறைந்தால் நல்லது. அதில் முன்னது 52, பின்னது 54. இப்போது 20 கை, 29 வினாடி. நேரத்தைப் பார்க்காமல் கையை மட்டும் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மற்றவர்களுக்கு எப்படி இருந்தது?

*

மறுமொழி 1

நண்பரே, உங்கள் 20-ஐப் பார்த்து யாராவது அதையே இலக்காக வைத்துவிடப் போகிறார்கள் என்ற கவலையில் எழுதுகிறேன். நான் ஐந்தடி. என்னைவிட ஒரு முழம் உயரமான தோழியின் 18-ஐ எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். எட்டி எட்டிக் கை போட்டதில் கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே விழ ஆரம்பித்தது. இரண்டு மாதம் தோள்வலி.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் சீன வீரர் சுன் யாங் 1500 மீட்டரை 14 நிமிடம் 31.02 வினாடியில் நீந்தி உலக சாதனை படைத்தபோது, 50 மீட்டருக்கு 27, 28 கைதான் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம். அந்தச் சாதனையை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் பாபி ஃபின்க் 14:30.67-இல் முறியடித்தார், அவரைவிட நிறையக் கை போட்டு. இரண்டு பேர் நீந்திய விதமும் வேறு, நேரம் மட்டும் ஒரு வினாடிகூட வித்தியாசமில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் தோழியின் எண்ணை விட்டேன். என் எண் 24, அதில் தோள் வலிப்பதில்லை.

*

மறுமொழி 2

எனக்கு எண்ணுவதே பெரிய பாடாக இருந்தது. பத்துக்கு மேல் போனால் மனது எங்கேயோ போய்விடும். இப்போது வலது கையை மட்டும் எண்ணுகிறேன். எனக்கு உதவிய இன்னொன்று, இரண்டு லெங்த் கையை முஷ்டியாக மூடி நீந்துவது. எண் ஏகத்துக்கும் ஏறும், பரவாயில்லை. உள்ளங்கையில் தண்ணீர் கிடைக்காததால் முன்கையே நீரைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். மூன்றாவது லெங்த்தில் விரலைத் திறந்ததும் கை துடுப்பாக மாறியது போல் இருக்கும். எனக்கு அந்த லெங்த்தில் எப்போதும் ஒன்றிரண்டு கை குறையும்.

எட்டு லெங்த் வரிசையை இப்போது எண்ணிப் பார்த்தீர்களா?

*

பார்த்தேன், இன்று காலையில்தான். 20, 20, 20, 20, 21, 21, 22, 22. ஏழாவதில் இடது கை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது. நாளைக்கு முஷ்டி மூடி நீந்திவிட்டு மறுபடியும் எண்ணுகிறேன்.