ஓசியில் வெளிநாடு கூட்டிப்போனார்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கடலோரன், காசிமேடு

2018. அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் வேலை. பத்திரிகைக்காரர்களை இஸ்ரேலுக்குக் கூட்டிப்போகும் பயணம், டிக்கெட்டிலிருந்து சாப்பாடு வரை அவர்கள் செலவு. இந்த மாதிரிப் பயணம் எப்படி நடக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். அதனால் சொட்டுநீர்ப் பாசனப் பண்ணை, டெல் அவிவ் கம்பெனிகள் எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறேன். யூத இனப்படுகொலையில் இறந்தவர்களுக்கான யாத் வஷேம் நினைவகத்தில் அழுதேன். இன்றைக்குப் போனாலும் அழுவேன்.

என்னை அரித்துக்கொண்டே இருப்பது காஸா எல்லையோரம் உள்ள ஸ்தெரோத் ஊர்ப் பக்கத்து மேடு. காஸாவிலிருந்து ராக்கெட் வருகிறது என்று சைரன் அடித்தால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பதுங்கிக்கொள்ள 15 வினாடிதான். வழிகாட்டி எங்களை ஒரு தடவை ஓடிப் பார்க்கச் சொன்னார். ஓடினோம். கூட வந்த பெரியவர் ஒருவரால் பாதி தூரம்கூடப் போக முடியவில்லை. பஸ் நிறுத்தமே கான்கிரீட் பதுங்கறையாக இருக்கிற ஊர் அது. அங்கே பிள்ளை வளர்ப்பவர்களின் பயம் நிஜம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் மேட்டில் ஏறினோம். எதிரே காஸா, அதற்கும் அப்பால் கடல். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கடல் தொழில். கடல் தெரிந்தால் படகு எங்கே என்றுதான் கண் முதலில் தேடும். "அந்தப் பக்கத்து மீனவர்கள் எவ்வளவு தூரம் போய்ப் பிடிக்கலாம்?" என்று கேட்டேன். இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் 1990களில் போட்ட ஓஸ்லோ ஒப்பந்தத்தில் 20 கடல் மைல் என்று இருந்ததையும், பிறகு அது 6, 3 என்று சுருக்கப்பட்டு, அவ்வப்போது கொஞ்சம் தளர்த்தப்பட்டதையும் ஊர் திரும்பிய பிறகு படித்தேன். அன்றைக்கு வழிகாட்டி, "அது பாதுகாப்பு விஷயம், ராணுவத்தைத்தான் கேட்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். "வெயில் ஜாஸ்தி, முதலில் குடியுங்கள்" என்றார். நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். வாங்கிக் குடித்தேன். திரும்பவும் கேட்க வாய் வரவில்லை.

நாங்கள் இறங்கும்போது அமெரிக்க யூதப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வெளிநாட்டு யூத இளைஞர்களை இஸ்ரேலைப் பார்க்கக் கூட்டிவரும் பர்த்ரைட் பயணம். 1999இல் தொடங்கியது, 10 நாள், இலவசம், செலவில் ஒரு பங்கு இஸ்ரேல் அரசுடையது. அவர்களுக்கும் அதே 15 வினாடி ஓட்டம், அதே மேடு.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஹார்பர் வீட்டுப் பிள்ளை, தங்கசாலை

அண்ணே, இது புதுசில்லை. எங்கள் அப்பா துறைமுகத் தொழிலாளி, சங்கத்தில் தீவிரம். 1983இல் சோவியத்துக்குப் போய்வந்தார். தாஷ்கண்ட், மாஸ்கோ, கடைசியாக ஒடெஸா. அங்கேயும் துறைமுகம். அங்கத்திய தொழிலாளிகள் ஓய்வெடுக்கும் கடற்கரை விடுதியைப் பார்த்து அப்பா அசந்துபோனார். மூட்டை தூக்குகிறவனுக்குக் கடலைப் பார்த்த மாதிரி கட்டில் போட்டு, டாக்டரும் வைத்திருக்கிறார்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

ஒடெஸாவில் பஸ் ஒரு தெருவில் நின்றபோது, கடை வாசலில் நீளமான வரிசை. எதற்கு என்று கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பாளப் பெண் ஜன்னல் திரையைச் சரி செய்கிற மாதிரி இழுத்து மூடிவிட்டு, அடுத்துப் பார்க்கப் போகிற ஓபரா அரங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாராம்.

ஊருக்கு வந்ததும் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார். விடுதி வந்தது, ஓபரா வந்தது, வரிசை வரவில்லை. வரிசையைப் பற்றி அம்மாவிடம் மட்டும் சொன்னார். வளர்ந்த பிறகு ஏன் என்று கேட்டேன். "சோறு போட்டவன் வீட்டுக் குறையை ஊரில் போய்ச் சொல்லுவியா?" என்றார்.

அப்புறம் ஒன்று, இதை இஸ்ரேலும் ரஷ்யாவும் மட்டும் செய்வது போலப் பேச வேண்டாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் விருந்தினர் பயணத் திட்டம் 1940இலிருந்து நடக்கிறது. அண்ணா 1968இல் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சப் (Chubb) ஃபெல்லோ என்ற கௌரவ விருந்தினராகப் போய்வந்தார். போய்வந்ததால் அவர் அமெரிக்காவின் ஆளாகிவிடவில்லை. கூப்பிட்டால் போகலாம். யார் போகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மணலிக்காரர்

தங்கசாலைத் தம்பிக்கு: அண்ணாவை இங்கே இழுப்பது சரியில்லை. பேச அழைக்கப்பட்டவர் வேறு, பார்க்க மட்டும் அழைக்கப்பட்டவர் வேறு. மேடையில் நின்று நாம் பேசும் இடத்துக்கும், ஜன்னல் திரையை அடுத்தவர் இழுத்துவிடும் இடத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

என் கதை சின்னது. பொதுத்துறை நிறுவனத்தில் இருந்தேன். ஒரு வெளிநாட்டு அமைப்பு கருத்தரங்குக்கு அழைத்தது, தங்குமிடமும் சுற்றிப்பார்ப்பதும் இலவசம். "இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரே வரியில் மெயில் போட்டேன். அதுவரை தினமும் எழுதிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

இதைப் படிப்பவர்களில் அரசு ஊழியர் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010, பிரிவு 6. எம்.எல்.ஏ., எம்.பி., கட்சிப் பொறுப்பாளர், நீதிபதி, அரசு ஊழியர், அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தில் வேலை செய்பவர், இவர்கள் யாரும் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்கக் கூடாது. எஃப்.சி-2 என்ற படிவத்தில் உள்துறை அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். போன இடத்தில் திடீரென்று உடம்பு முடியாமல் மருத்துவ உதவி வாங்கினால் அதற்கு விலக்கு உண்டு, ஆனால் ஒரு மாதத்துக்குள் தகவல் கொடுத்துவிட வேண்டும். 1976 சட்டத்திலும் இந்தக் கட்டுப்பாடு இருந்தது. தம்பி, உங்கள் அப்பா துறைமுகத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன், அனுமதி வாங்கினாரா?

பத்திரிகைக்காரருக்கும் மாணவருக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. அதனாலேயே அவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பணம் யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிகழ்ச்சி நிரலை முன்னாடியே கேளுங்கள், காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை நிரம்பியிருந்தால் அது தற்செயல் இல்லை. முடிந்தால் சொந்தக் காசில் ஒரு நாள் கூடத் தங்கி, தனியாகப் பஸ் ஏறிச் சுற்றுங்கள். கட்டுரை எழுதினால் யார் செலவில் போனீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். கடைசியில் சின்ன எழுத்தில் போட்டால் யாரும் பார்ப்பதில்லை.

பெரம்பூர் பொண்ணு

மணலி சார், எல்லாவற்றையும் சதி மாதிரி பார்க்காதீங்க. நான் பிளஸ் ஒன் படிக்கும்போது ஜப்பானின் சக்குரா சயின்ஸ் திட்டத்தில் ஒரு வாரம் போனேன். 2014இலிருந்து நடக்கிற திட்டம், பணம் யாருடையது என்பதில் ஒளிவுமறைவு கிடையாது, அந்த நாட்டு அரசு முகமைதான். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் என்னையே உட்காரவைத்து, என் தலைமுடியையே பெரிதாக்கிக் காட்டினார்கள். எங்கள் வீட்டில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் நான்தான். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. 2023 ஆகஸ்டில் ஃபுகுஷிமா அணு உலையின் சுத்திகரித்த தண்ணீரைக் கடலில் விட ஆரம்பித்தார்கள் இல்லையா? அன்றைக்கு எண்ணூர் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். "கடலில் கொட்டிவிட்டு ஒன்றும் ஆகாது என்கிறார்களே, 2017இல் எண்ணூர் கடலில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை நாங்கள் வாளி வாளியாக அள்ளியபோதும் பயப்பட ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள்" என்றார். அவர் முடிப்பதற்குள் நான் ஜப்பானுக்காகச் சண்டைக்குப் போய்விட்டேன். குரல் அப்படி ஏறிவிட்டது. அம்மா வந்து அடக்கினார்.

சர்வதேச அணுசக்தி முகமை அந்தத் திட்டம் தன் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டது என்று சொல்லியிருந்தது, அதனால் நான் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதை நான் படித்தது அன்று இரவு, சண்டை போட்ட பிறகு. படிக்கிறதுக்கு முன்னால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்றுதான் யோசிக்கிறேன். மாமா வாளியில் எண்ணெய் அள்ளியவர். நான் அந்த ஊரில் ஒரு வாரம் சாப்பிட்டவள்.

ராயபுரத்தான்

கடலோரன், ஓசியில் போனால்தான் இப்படி என்று நினைக்காதீங்க. நாங்கள் ஜெருசலேம் யாத்திரை போனது சொந்தப் பணத்திலும், தமிழ்நாடு அரசு தரும் மானியத்திலும். பெத்லகேம் போகச் சோதனைச்சாவடி தாண்ட வேண்டும், அங்கே வழிகாட்டியே மாறிவிடுவார். இயேசு பிறந்த கோயில், ஒலிவ மரச் சிலுவை விற்கும் கடை, திரும்ப பஸ். அந்தக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ராத்திரி இங்கே தங்கேன், காசுகூட வேண்டாம்" என்றார். குரூப் கிளம்பிவிட்டது, நானும் ஓடினேன். அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று இன்னும் தெரியாது.

மணலிக்காரர்

தங்கசாலைத் தம்பிக்கு இன்னொன்று, சொல்லாமல் விட மனசு வரவில்லை. அப்பாவுக்குச் சோறு போட்டது அந்த மொழிபெயர்ப்பாளப் பெண் இல்லை, அவர்கள் கட்சியும் இல்லை. வரிசையில் நின்றார்களே, அவர்கள் உழைத்த காசு அது. வீட்டுக்காரர்கள் அவர்கள்தான். அவர்கள் வரிசையில் நின்றதைச் சொல்வது எப்படி அவர்களுக்குச் செய்யும் துரோகம் ஆகும்?

ஹார்பர் வீட்டுப் பிள்ளை, தங்கசாலை

சார், இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அனுமதி முறைப்படி வாங்கித்தான் போனேன் என்று அழுத்திச் சொல்லச் சொன்னார். வரிசை எதற்கு என்பதையும் இப்போதுதான் சொன்னார், மறுநாள் அங்கத்திய துறைமுகத் தொழிலாளி ஒருவரிடம் சைகையில் கேட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கான பூட்ஸ். "அதைச் சொல்லியிருந்தால் இங்கே எதிர்ச் சங்கத்துக்காரன் அதை மட்டும் பிடித்துக்கொண்டு, விடுதியைப் பொய் ஆக்கியிருப்பான்" என்கிறார். இரண்டையும் சொல்லியிருக்கலாம் என்பது என் கட்சி. நேற்று ராத்திரி சாப்பாட்டில் ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை.