படம் உருவாவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? அனுபவங்களைப் பகிருங்கள்

படம் பார்ப்பது எவ்வளவு பிடிக்குமோ, அதை எப்படி எடுத்தார்கள் என்று துருவுவதும் எனக்கு அவ்வளவு பிடிக்கும். பள்ளிக்கூட நாட்களில் ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம் இது. குள்ள அப்புவாகக் கமல் எப்படி நடித்தார் என்பதுதான் அப்போது டீக்கடை, வகுப்பறை எல்லா இடத்திலும் பேச்சு. பின்னாளில்தான் தெரிந்தது, அதில் ஒரே ஒரு வித்தை கிடையாது. முழங்காலில் மாட்டிக்கொள்ளும் ஷூ ஒரு ஷாட்டுக்கு, தரையில் பள்ளம் தோண்டி அதற்குள் நடந்தது இன்னொரு ஷாட்டுக்கு, காலை மடித்து வைத்தது வேறொரு ஷாட்டுக்கு. நம் கண் ஒன்றைப் பிடிப்பதற்குள் அடுத்த வித்தைக்குப் போய்விடுகிறார்கள். இது தெரிந்த பிறகு அந்தப் படத்தின் மேல் பிரியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பேட்டியில் படித்ததை நாம் எல்லோரும் பேசியாகிவிட்டது. உங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். நடிகரைப் பார்த்த கதையைவிட, வேலை நடந்ததைப் பார்த்த கதைதான் எனக்கு வேண்டும். சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

தேனிப் பக்கத்திலிருந்து ஒருவர்:

என் தாய்மாமா தியேட்டர் ஆபரேட்டர். படம் எடுப்பதை நான் பார்த்ததில்லை, ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். படம் உருவாவதில் அதுவும் சேர்த்திதான் என்பது என் கட்சி. பெட்டிக்குள் இருக்கும்வரை அது வெறும் பிலிம்தானே!

கேபினுக்குள் போனால் முதலில் தெரிவது சூடு. இரண்டு புரொஜெக்டர்கள். அப்போது கார்பன் விளக்கு. செம்புப் பூச்சு போட்ட இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு நடுவில் வெல்டிங் வெளிச்சம் மாதிரி ஒரு நெருப்பு. வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். எரிய எரியக் குச்சி குறையும், இடைவெளி கூடும், திரையில் வெளிச்சம் மங்கும். மாமா பேசிக்கொண்டே கைப்பிடியைத் திருகி அதைச் சரி செய்துகொண்டே இருப்பார். கொஞ்சம் அசந்தால் கீழே விசில் கிளம்பிவிடும்.

ஒரு நாள் அறுந்த பிலிம் துண்டை என்னிடம் கொடுத்து, “கையை நீட்டி அளந்து பாருடா மாப்ள” என்றார். ஒன்றரை அடி இருந்தது. “இதுதான் ஒரு செகண்டு.” அதில் 24 படங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரே முகம் திரும்பத் திரும்ப வருகிற மாதிரிதான் இருந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் இமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தெரிந்தது. ஒரு கண் சிமிட்டலுக்கு இத்தனை படமா என்று நான் வாயைப் பிளந்தேன். ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று நெளிந்து நெளிந்து ஓடியது. அதுதான் சத்தம். வசனம், பாட்டு, சண்டை எல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருந்தது.

அப்புறம் அவர் சொன்ன விஷயத்தை நான் வருஷக்கணக்காக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பிலிம் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஒவ்வொரு படமும் லென்ஸுக்குப் பின்னால் வந்து நிற்கும், பிறகு நகரும். அப்படி நிறுத்தி நிறுத்தி இழுப்பது சிலுவை வடிவத்தில் இருக்கும் ஒரு சின்னச் சக்கரம். பிலிம் நகர்கிற நேரத்தில் ஒரு தகடு சுழன்று வந்து வெளிச்சத்தை மறைக்கும். படம் நிற்கும்போதும் இடையில் ஒரு தடவை மறைக்கும், இல்லாவிட்டால் திரை துடிப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆக, பிலிமில் படம் ஓடிய காலத்தில் ஏறக்குறையப் பாதி நேரம் திரை இருட்டாகத்தான் இருந்தது! இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டைப் பார்த்தோம், நமக்குத் தெரிந்ததே இல்லை.

சத்தத்தை எடுக்கும் பகுதி லென்ஸுக்குக் கீழே இருக்கும். பிலிம் அங்கே போய்ச் சேரச் சற்று நேரமாகும் என்பதால், ஒரு படத்துக்கான சத்தத்தை அதற்கு 20 படங்கள் போல முன்னாலேயே பதிந்திருப்பார்கள். பிலிம் மாட்டும்போது நடுவில் தளர்வாக விடுகிற வளைவு, அதாவது லூப், கூடினாலோ குறைந்தாலோ வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று போய்விடும். மாமா லூப்பை விரலாலேயே அளந்து விடுவார்.

பிரிண்ட் குறைவாக வரும் சமயத்தில் பக்கத்து ஊர்த் தியேட்டரோடு ஒரே பெட்டியைப் பங்கு போடுவார்கள். இங்கே அரை மணி முன்னால் ஆரம்பித்து, ஓடி முடிந்த ரீலைச் சுற்றி டிவிஎஸ் 50-இல் கொடுத்தனுப்ப வேண்டும். அங்கே ரீல் வந்து சேரவில்லை என்றால் விளம்பர சிலைடு போட்டுச் சமாளிப்பார்கள். தீபாவளிப் படம் ஓடும்போது, மழையில் ரீலைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு ஒரு அண்ணன் வண்டி ஓட்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். டைட்டிலில் அவர் பேர் வராது. ஆனாலும் அந்தப் படத்துக்கு அவரும் வேலை பார்த்தவர்தான்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர்:

எங்கள் ஊரைச் சின்னக் கோடம்பாக்கம் என்பார்கள். கொடிவேரி அணை, தடப்பள்ளி வாய்க்கால், சுற்றிலும் வயல், தென்னை. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு ஃபிரேம் கிடைக்கும். அதனால் ஷூட்டிங் பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் மழைக் காட்சி எடுத்ததை நான் மறக்கவே மாட்டேன்.

பெரியப்பா தோட்டத்துக் கிணற்றிலிருந்துதான் தண்ணி போச்சு. மோட்டார் ஓடி லாரி டேங்கர் நிறைந்தது. உயரமான கம்பங்களில் பைப் கட்டி, நுனியில் பூவாளி மாதிரி வைத்து, தண்ணியைத் திறந்தார்கள். நல்ல அழுத்தத்தோடு கொட்டியது. எல்லோரும் தொப்பலாக நனைந்தார்கள். ஆனால் மானிட்டரில் மழையையே காணோம்! நனைந்த ஆட்கள் தெரிகிறார்கள், விழுகிற தண்ணி தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற லைட்மேனிடம், “ஏனுங்ணா, இத்தன தண்ணி ஊத்தியும் மழையே தெரியலீங்களே?” என்று கேட்டேன். சென்னைக்காரர். “இருப்பா, பின்னால லைட்டு வரட்டும்” என்றார். நடிகர்களுக்குப் பின்பக்கம், கேமராவைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய லைட்டை ஏற்றினார்கள். சாயங்காலம் மங்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். லைட் போட்டதும் ஒவ்வொரு தாரையும் வெள்ளிக் கம்பியாக மின்னியது. தண்ணி அதே தண்ணி. முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் துளி கண்ணில் படாது. பின்னாலிருந்து வந்து, அதற்குப் பின்புலமும் இருட்டாக இருந்தால்தான் மழை மழையாகத் தெரியும்.

அதற்குப் பிறகு எந்தப் படத்தில் மழை வந்தாலும் எனக்கு அந்தப் பின்பக்க லைட்டைத்தான் தேடத் தோன்றுகிறது. நிஜ மழையை எடுத்தால் திரையில் அவ்வளவு சோபிக்காது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்று. கதாநாயகியின் முகத்துக்கு நேராக விளக்கே வைக்கவில்லை. வெள்ளைத் தெர்மோகோல் பலகையை ஒரு பையன் பிடித்துக்கொண்டு நின்றான். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் மெதுவாக விழுந்தது. பலகையை அரையடி சாய்த்தால் கன்னத்து நிழல் மாறுகிறது. ஒளிப்பதிவாளர் வாயே திறக்காமல் விரலால் சைகை காட்டுவார், அந்தப் பையன் புரிந்துகொண்டு சாய்ப்பான். எனக்கு அன்றைக்கு ஹீரோ அந்தப் பையன்தான்.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்:

கோபி நண்பர் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆழியாறு பக்கம் பாட்டு ஷூட்டிங். ஸ்பீக்கரில் பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் கீச்சுக் குரலில் ஓடுகிறது, ஆடுபவர்களும் அதே வேகத்தில் வாயசைக்கிறார்கள். ஒன்றும் விளங்கவில்லை. பிறகு உதவி இயக்குநர் ஒருவர் சொன்னார். கேமரா நொடிக்கு 48 ஃபிரேம் எடுக்கிறது, அதைத் தியேட்டரில் 24-இல் ஓட்டினால் அசைவெல்லாம் பாதி வேகமாகிவிடும். பாட்டை இரட்டிப்பு வேகத்தில் பாடி நடித்திருந்தால்தான் புடவை மெதுவாகப் பறக்கும்போதும் உதடு பாட்டோடு ஒட்டும். திரையில் அவ்வளவு சாவகாசமாகத் தெரிந்த அந்த நடனத்தை ஆடியவர்களுக்கு மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன்.

சாலிகிராமத்திலிருந்து ஒருவர்:

நான் சினிமாக்காரன் இல்லை, கணக்கு எழுதுகிறவன். நான் வேலை பார்த்த ஆபீஸுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டர் இருந்தது. டீ நேரத்தில் பழக்கமானவர் ஒருவர் “எஃபெக்ட்ஸ் எடுக்கிறோம், வந்து பாருங்க சார்” என்று கூப்பிட்டார்.

உள்ளே போனால் பாத்திரக்கடையும் செருப்புக்கடையும் சேர்ந்தது போல ஒரு அறை. தரையில் கட்டம் கட்டமாக மணல், ஜல்லி, சிமெண்ட், பலகை. எதிரே திரையில் சத்தமே இல்லாமல் படம் ஓடுகிறது. மீசை வைத்த அந்த அண்ணன் பெண்கள் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, கதாநாயகி நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் அதே நொடியில் அடி வைக்கிறார். அவள் நிற்கும்போது இவரும் நிற்கிறார், தயங்கும்போது இவர் குதிகால் தயங்குகிறது. மணிக்கட்டில் கண்ணாடி வளையல். அவள் தலைமுடியை ஒதுக்கும்போது இவர் கையைத் தூக்கி லேசாகக் குலுக்குகிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அங்கே ஒரு பெண்தான் நிற்கிறாள்.

அடுத்து ஒருவன் காய்ந்த புல்லில் ஓடுகிற காட்சி. புல் எங்கே என்று தேடினேன். பழைய கேசட்டுகளிலிருந்து உருவிய டேப்பை ஒரு பந்தாகச் சுருட்டி வைத்திருந்தார். அதைக் கைகளால் அமுக்கி அமுக்கி விட்டால் அச்சு அசல் புல்லில் ஓடும் சத்தம். நிஜப் புல்லைக் கொண்டுவந்தால் மைக்கில் அப்படிக் கேட்காதாம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். முன்பெல்லாம் இங்கே புழங்கிய ஆரி 2சி கேமரா ஓடும்போது ஏகப்பட்ட இரைச்சல் வரும். டைரக்டரும் டேக் நடக்கும்போதே “திரும்பு, பார், அழு” என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் எதுவும் பயன்படாது. அதனால் வசனம் டப்பிங்கில், மீதியெல்லாம் இந்த அறையில். ஸ்பாட்டிலேயே ஒலிப்பதிவு செய்த படமானாலும் தெலுங்குக்கோ இந்திக்கோ மாற்றும்போது வசனத்தை எடுத்துவிட வேண்டும். வசனத்தோடு காலடி, கதவு, டம்ளர் வைக்கும் சத்தம் எல்லாம் போய்விடும். அதனால் எப்படியும் இவர்கள் வேலை இருந்தே தீரும்.

தேனி நண்பருக்கு ஒரு கேள்வி. ஒரு ரீல் முடிந்து அடுத்த புரொஜெக்டருக்கு மாறுவது எங்களுக்குத் தெரியாமல் எப்படி நடந்தது?

தேனிப் பக்கத்திலிருந்து:

நல்ல கேள்வி சார். ரீல் முடிய எட்டு நொடி போல இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் வந்து மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரைப் போட வேண்டும். முடிகிற கடைசி நொடியில் இரண்டாவது வட்டம் வரும். அதைக் கண்டதும் இதை மூடி அதைத் திறக்க வேண்டும். சில பிரிண்டுகளில் ஆபரேட்டர்களே ஊசியால் கீறி வைத்த அடையாளமும் இருக்கும். பிலிம் பிரிண்டிலிருந்து மாற்றிய பழைய படத்தை யூடியூபில் பார்க்கும்போது, பத்து இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அந்த மூலையைக் கவனியுங்கள், பிடித்துவிடலாம். டூரிங் கொட்டகையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே இருந்தது ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் லைட்டைப் போட்டுவிடுவார்கள், முறுக்கு விற்கிறவருக்கு அதுதான் வியாபார நேரம்.